ஹோபார்ட்டுக்கு ஆயத்தம்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26-ஆம் தேதி பிற்பகல் ஒரு மணிக்குச் சிட்னித் துறைமுகத்தில் பீரங்கி முழங்கியதும், இரு கரைக் குன்றுகளிலும் திரண்டு நிற்கும் ஜனங்கள் ஆரவாரிக்க, பாய் விரித்த படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமோ என்று பார்ப்பவர்கள் அஞ்சும்படி முகத்துவாரத்தை நோக்கி விரையும் காட்சியைப் பந்தயத்தின் தொடக்கம் என்று பத்திரிகைகள் படம் போடுகின்றன. போடட்டும். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கோ அதற்கு ஐந்தாறு மாதம் முன்பாகவே, ஜூலை மாதத்துக் குளிர்காற்றில் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன் அடிவயிற்றில் பிடித்த பாசியையும் சிப்பியையும் சுரண்டுகிற அன்றைக்கே பந்தயம் தொடங்கிவிடுகிறது. பீரங்கி முழங்குகிற சமயத்தில் எங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்து, நல்லதோ கெட்டதோ, இனித் திருத்த முடியாத ஸ்திதிக்கு வந்துவிட்டிருக்கும்.

சிட்னியிலிருந்து டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட் நகரம்வரை 628 கடல் மைல். 1945-ஆம் வருஷம், யுத்தம் முடிந்த கையோடு, சில நண்பர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உல்லாசப் பிரயாணமாக ஹோபார்ட் போய்வரத் திட்டமிட்டிருந்தபோது, பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த காப்டன் ஜான் இல்லிங்வொர்த், போவதென்று ஆனபின் பந்தயமாகவே போகலாமே என்று சொல்லப்போக, ஒன்பது படகுகள் புறப்பட்டன. நடுவழியில் புயல்காற்று பிடித்துக்கொண்டது. மற்றவர்களில் பலர் பாயைச் சுருக்கிப் பொறுத்திருக்க, இல்லிங்வொர்த் தம்முடைய ‘ராணி’ என்ற சிறு படகை நிறுத்தாமல் ஓட்டிப் போய், தேட வந்த விமானத்தின் கண்ணிலும் படாமல், ராணி முழுகியேவிட்டதோ என்று கரையிலிருந்தவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ஆறரை நாளில் ஹோபார்ட்டின் டெர்வென்ட் நதியில் வந்து நின்றார். கடைசிப் படகு வந்து சேரப் பதினோரு நாளுக்கு மேலாயிற்று. ஊரார் அவருடைய தீரத்தைப் புகழ்ந்தார்கள். 1949-ல் அவர் வெளியிட்ட ‘ஆஃப்ஷோர்’ என்ற புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தத் தீரத்தின் சூட்சுமம் விளங்கும்: பாயையும் கயிற்றையும் பாய்மரத்தையும் ஆட்களைப் பழக்கும் கிரமத்தையும் பற்றி அலுப்பில்லாமல் எழுதிக்கொண்டே போகிறாரே தவிர, வீரப் பிரதாபத்துக்கு அதில் அதிக இடம் கொடுக்கவில்லை.

நான் செய்துவந்த வேலைக்கு இங்கே ‘போட் காப்டன்’ என்று பெயர். பெயரில் காப்டன் இருந்தாலும் அதிகாரம் சொற்பம். படகின் சொந்தக்காரர் பெரும்பாலும் வக்கீலாகவோ வைத்தியராகவோ கட்டடக் காண்டிராக்டராகவோ இருப்பார். சனிக்கிழமை வந்து ஓட்டுவார், பணம் கொடுப்பார், கடலில் அவரே தலைவர். மற்ற ஆறு நாளும், ரஷ்கட்டர்ஸ் வளைகுடாவில், பந்தயத்தை நடத்தும் குரூசிங் யாட் கிளப்பின் துறையில் கட்டிக் கிடக்கும் அந்த நாற்பதடிப் படகு என் பொறுப்பு. கலியாண வீட்டுச் சாமான் ஜாபிதாவைப் போல, ஒன்றை அடித்தால் இரண்டு முளைக்கும் ஒரு ஜாபிதா என் சட்டைப்பையில் ஜூலை முதல் டிசம்பர் வரை இருந்துகொண்டே இருக்கும்.

அந்த ஜாபிதாவில் முதலாவது பாய்மரம். அதை இறக்கிக் கட்டைகளின்மேல் கிடத்தி, அதைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகளை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முறுக்கில் ஓர் இழை அறுந்திருந்தாலும் விரலைக் கீறிவிடும். கண்ணுக்குத் தப்பினது தோலுக்குத் தப்பாது. கம்பி முனை உலோகக் குழலுக்குள் நுழைகிற இடத்திலும், மரத்தில் அது மாட்டப்படும் காதுகளிலும் உப்புநீர் தங்கி உள்ளுக்குள்ளே அரிக்கும். அங்கே ஒரு சிவப்புச் சாயத்தைப் பூசி, சற்றுப் பொறுத்து, பூசின சுவடே தெரியாமல் துடைத்துவிட்டு, மேலே ஒரு வெள்ளைத் திரவத்தைத் தெளிப்போம். அது உலர்ந்து பொடியாகப் படியும். உலோகம் பழுதற்றதாயின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். விரிசல் இருந்தாலோ, சில நிமிஷங்களில் அந்த வெண்மையில் மயிரிழை அளவுக்கு ஒரு செந்நிறக் கோடு தானே ஊறி வெளிவரும். அது வந்துவிட்டால் சொந்தக்காரரிடம் அதற்குமேல் வாதாடவேண்டியதில்லை. என்ன விலையானாலும் பேசாமல் காசோலையை எடுப்பார்.

கம்பிகளை இறுக்கும் திருகிகள் தாமாகக் கழன்றுவிடாதபடி மாட்டுகிற ஸ்பிளிட் பின் என்ற ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில காசு பெறாத அந்த ஊசியை நம்பியே லக்ஷக்கணக்கில் விலை பெறும் பாய்மரம் நிற்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று அதன் இரு கால்களையும் முழுதாகப் பின்னுக்கு மடக்கிவிடுவார்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கிழவர் அதைப் பார்த்தால் ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு குறட்டைக் கையில் கொடுத்து, இப்போது கழற்று என்பார். பாய்மரம் கடலில் முறிந்து விழுந்தால், அலை அதைத் தூக்கித் தூக்கிப் படகின் விலாவில் மோதித் துளை போடுவதற்குள் அதன் கம்பிகளையெல்லாம் விடுவித்தாக வேண்டும். முறிவது பெரும்பாலும் நள்ளிரவில். ஆகவே ஊசியின் கால்களைச் சற்றே விரித்து, பாயையும் கையையும் கிழிக்காதபடி மேலே நாடா சுற்றினால் போதும். படகில் ஒவ்வொரு வஸ்துவையும் அது பிடித்து நிற்குமா என்று பார்த்தபின், இருட்டில் விறைத்த விரலால் விடுவிக்க வருமா என்றும் பார்க்கவேண்டுமென்பதை அந்தக் குறட்டிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்; பிற்பாடு நான் செய்த ஆயத்தம் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியின் விரிவே.

தண்ணீருக்குக் கீழே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படகைக் கவிழாமல் நிறுத்தும் கனத்த அடித்தண்டான கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இறுக்கம் அளந்து பார்ப்பது, படகின் அடியிலுள்ள ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதற்கேற்ற மரமுளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது, அடிப்பூச்சை நீர்விட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவது ஆகிய இவை எந்தப் படகுக்கும் பொதுவானவை. சுக்கான் மட்டும் விசேஷக் கவலை. இந்தக் கடலில் சூரிய மீன் என்று ஒரு பிராணி உண்டு. வளர்ந்தால் ஆயிரம் கிலோவுக்கும் மேற்படும். வேகமாக ஓடி இரை தேடவேண்டும் என்ற எண்ணம் அதற்குக் கிடையாதாகையால் நீர்மட்டத்தில் சாவதானமாகப் படுத்திருக்கும். பாயும் படகு அதன்மேல் இடித்துச் சுக்கான் முறிந்து பந்தயத்தைக் கைவிட்டவர்கள் பலர். உபரிச் சுக்கான்பிடி படகில் இருக்கவேண்டுமென்பது விதி. அதை மாட்டி, பாய் விரித்து, உண்மையிலேயே படகைத் திருப்பிப் பார்க்கவேண்டுமென்பது என் பிடிவாதம்.

எடையைப் பற்றிய சச்சரவு அக்டோபரில் ஆரம்பமாகும். இந்தப் பந்தயத்தில் வெற்றி இரண்டு வகை: எல்லையை முதலில் தொடுகிற கீர்த்தி ஒன்று, படகின் நீளம், எடை, பாயின் பரப்பு முதலியவற்றைக் கொண்டு நேரத்தைத் திருத்திக் கணக்கிட்டு அதில் முதலாவதாக வருபவருக்குக் கொடுக்கும் டாட்டர்சால் கோப்பை மற்றொன்று. முதலாவது நூறடி ராக்ஷசப் படகுகளுக்கு உரியது. 2017-ல் ‘காமான்ச்’ என்ற படகு ஒரு நாள் 9 மணி 15 நிமிஷத்தில் ஓடி முடித்தது. மூன்று நாலு நாள் பிடிக்கும் எங்களைப் போன்றவர்கள் ஆசைப்படுவதெல்லாம் கோப்பைக்குத்தான். அதற்காகச் சொந்தக்காரர் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கும் ஒரு பித்துக்கு ஆளாவார். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டுவார்கள் என்று பரிகாசமாகச் சொல்வதுண்டு. வெட்டிய காம்பை நானே கண்டிருக்கிறேன். அதே மனிதர் தம் சொந்தத் தொந்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கமாட்டார்! எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எங்கே இருக்கிறது என்பதில் என் கவனம் இருந்தது. நங்கூரம், சங்கிலி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் நடுவே, தாழ்வாக, கீலுக்கு நேர்மேலே கொண்டுவந்து, படகு தலைகீழாகப் புரண்டாலும் அசையாதபடி பூட்ட வேண்டும். 1979-ல் இங்கிலாந்தில் நடந்த பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டுப் புயலில் சிக்கிப் பதினைந்து பந்தய மாலுமிகள் மாண்டபோது, புரண்ட படகுகளுக்குள் பாட்டரியும் அடுப்பும் தரைப்பலகையும் பறந்து ஆட்களைத் தாக்கியது பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்தது. இன்றைக்குப் பரிசோதகர் வந்து தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்து, பூட்டு இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான்.

படகு ஆன பிறகு ஆட்கள். நாற்பதடிப் படகுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் வேண்டும். சுக்கான் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்குப் பஞ்சமில்லை. அணியத்தில், தலைக்குமேல் புரளும் நீரில் முழங்காலிட்டுப் பாய் மாற்றுகிறவனும், படகுக்குள்ளே சாய்ந்த அடுப்பில் வெந்நீர் வைக்கிறவனும் கிடைப்பதுதான் அருமை. இரண்டு காவலாகப் பிரித்து, நான்கு மணி வேலை, நான்கு மணி ஓய்வு என்று வைப்போம். ஒரு காவலில் எல்லோரும் சாமர்த்தியசாலிகள், மறு காவலில் எல்லோரும் நல்லவர்கள் என்று அமைந்துவிட்டால் படகு பாதி நேரம் சண்டையிலும் பாதி நேரம் மந்தகதியிலும் போகும். கடல் குமட்டல் யாருக்கு வரும் என்பதற்குச் சாஸ்திரம் ஒன்றும் கிடையாது. வருஷக்கணக்காகக் கடலில் பழகினவனும் முதல் இரவில் வாளியைக் கட்டிக்கொள்வான். வந்தபின் அவன் என்ன செய்கிறான் என்பதே நான் பார்ப்பது. வாந்தி எடுத்துவிட்டு மறுபடி கயிற்றைப் பிடிக்கிறவனைச் சேர்த்துக்கொள்ளலாம். பந்தயத்துக்கு முதல் நாள் கிறிஸ்துமஸ் என்பது இந்தப் பந்தயத்துக்கே உரிய சங்கடம்; மாத்திரையை விருந்துக்கு முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வேன், விருந்தில் கை வைப்பதைப் பற்றி நான் சொல்லி யாரும் கேட்டதில்லை.

உணவை நாள்வாரியாகப் பெட்டிகளில் கட்டி மேலே எண் எழுதிவிடுவது வழக்கம். முதல் நாளுக்குச் சமைத்து உறையவைத்தது. அப்புறம் வெந்நீர் ஊற்றினால் போதுமானது. எத்தனை நாள் பிடிக்கும் என்று சொந்தக்காரர் கணக்குப் போடுகிறாரோ அதற்குமேல் இரண்டு நாளைக்கு நான் கட்டுவேன். எடைச் சச்சரவில் அவரிடம் நான் விட்டுக்கொடாத விஷயங்களில் அதுவும் ஒன்று.

நவம்பரில் ஒரு ராத்திரி, துறையில் கட்டியிருக்கும் படகிலேயே, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு பரீட்சை நடக்கும். ஒவ்வொருவராகக் கீழே அனுப்பி, கம்பி வெட்டும் கத்திரியைக் கொண்டு வா, மூன்றாவது மரமுளையைக் கொண்டு வா, முதலுதவிப் பெட்டியைக் கொண்டு வா என்று கேட்பேன். மேலே ஒருவன் கடிகாரம் பிடித்திருப்பான். முதல் தடவை சிரிப்பும் கூத்துமாக இருக்கும். ஒருவன் வெங்காயப் பையை எடுத்துக்கொண்டு வருவான். அந்தச் சாமான் அந்த இடத்தில் இருப்பது ஜாபிதாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் கைக்குத் தெரியவேண்டும் என்பதே பரீட்சையின் உத்தேசம். கேட்டது கேட்டபடி, யாரும் யாரையும் எதுவும் விசாரிக்காமல், வந்து சேரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வோம். அதற்குப் பிறகு ஒரு சாமானைக்கூட இடம் மாற்ற நான் அனுமதிப்பதில்லை. சொந்தக்காரருக்கும் அந்த உரிமை கிடையாது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1998-ஐத்தான் சொல்லவேண்டும். அந்த வருஷம் புறப்பட்டவை 115. போய்ச் சேர்ந்தவை 44. டிசம்பர் 27-ஆம் தேதி டாஸ்மேனியாவைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் பாஸ் ஜலசந்தியருகே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உக்கிரமடைந்து கடலைக் குலைத்துவிட்டது. ஐந்து படகுகள் மூழ்கின; ஐம்பத்தைந்து பேர் மீட்கப்பட்டார்கள்; ஆறு பேர் மாண்டார்கள். மூழ்கினவற்றுள் ஒன்று ‘வின்ஸ்டன் சர்ச்சில்’ என்ற மரப்படகு, 1945-ல் முதல் பந்தயத்திலேயே ஓடியது. அதன் ஆட்கள் உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறியும், அலை அதைப் புரட்டிப் புரட்டி அடித்து மூவரைக் கொண்டுபோயிற்று. வேறொரு படகில் ஒருவருடைய இடுப்புவார் அறுந்து அவர் அடித்துச் செல்லப்பட்டார். மற்றொன்றிலோ, கவிழ்ந்த படகின் கீழே தம் வாரிலிருந்து விடுபட முடியாமல் ஒருவர் மாண்டார். வார் அறுந்ததும் மரணம், வார் விடாததும் மரணம். ஆகவே இன்று நாங்கள் வாங்குகிற வாரில், மார்புப் பக்கத்துக் கொக்கி, இழுவையில் இறுகியிருக்கும்போதே கழற்றக்கூடியதாக இருந்தாகவேண்டும். கடையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் பளபளக்கும். நான் அதை மாட்டிக்கொண்டு ஒரு கப்பியில் தொங்கி, கையுறையோடு கழற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது வழக்கம்.

அந்த விபத்துக்கு அப்புறம் விதிகள் இறுகின. பதினெட்டு வயது நிரம்பாதவர் போகக் கூடாது. ஆட்களில் பாதிப் பேராவது கடலில் உயிர்காக்கும் பயிற்சி பெற்றிருக்கவேண்டும். அந்தப் பயிற்சியில், நீச்சல்குளத்தில், மழையுடுப்போடும் மிதவைச் சட்டையோடும் குதித்துக் கவிழ்ந்த ரப்பர்த் தெப்பத்தை நிமிர்த்தி ஏறவேண்டும். குளத்து நீர் வெதுவெதுப்பானது, அலையற்றது. அப்படியிருந்தும் திடகாத்திரமான வாலிபன் தெப்பத்தின் விளிம்பில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு மேலே வர வகையறியாமல் தத்தளிப்பதைப் பார்த்தால், வீட்டிலிருந்து உடன் வந்த மனைவிமார்களின் முகம் மாறும். 2024-ல் முதல் இரவிலேயே இரண்டு படகுகளில் இருவர் இறந்தார்கள். பாயின் அடிக்கட்டையான பூமும் அதன் கயிறுமே காரணம். கொந்தளிப்பில் காற்று பின்னிருந்து தள்ளும்போது பூம் மறுபக்கம் வீசினால் எதிரில் இருப்பது தலையா கம்பமா என்று பார்க்காது. அதைத் தடுத்துக் கட்டும் கயிற்றை எங்கே கட்டுவது, யார் விடுவது, அந்த நேரத்தில் யார் எங்கே உட்காரக் கூடாது என்பதைத் துறைமுகத்துக்குள்ளேயே பழக்கியாக வேண்டும்.

புயற்பாய்களையும் அப்படியே. அவை ஆரஞ்சு நிறத்தில், தடித்து, மடங்க மறுத்து, பைக்குள்ளே கிடப்பவை. காற்றில்லாத ஞாயிற்றுக்கிழமையில் அவற்றை ஏற்றச் சொன்னால் ஆட்கள் முணுமுணுப்பார்கள். ஒருமுறை, பேர்பெற்ற ஒரு பாய்க்கடையில் தைத்து வந்த புதுப் புயற்பாயின் வளையங்கள், பாய்மரத்தின் பள்ளத்தில் நுழையவே மாட்டேன் என்று நின்றுவிட்டன. ஒரு சுற்றுப் பெரிது. துறையில் அது அரைமணி நேரத்து வேலை. முணுமுணுத்தவர்கள் அதன்பின் முணுமுணுக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து எல்லோருடைய கண்ணும் வானிலைப் படத்தின் மேலே. கடற்கரையோரமாகத் தெற்கே ஓடும் வெப்ப நீரோட்டம் ஒன்று உண்டு. அது மணிக்கு இரண்டு கடல் மைல் ஓடினாலும், அதன்மேல் ஏறிக்கொண்ட படகுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய ஐம்பது மைல் இனாம். எல்லோரும் அதைத் தேடுவார்கள். ஆனால் நம் கரையோரத்தார் சோழகம் என்கிற தெற்குக் காற்று, இங்கே பஸ்டர் என்ற பெயரோடு, நல்ல வெயிலின் நடுவே தெற்கு வானில் உருளையாக ஒரு மேகத்தைத் தள்ளிக்கொண்டு திடீரென்று பாயும். அப்போது தெற்கே போகும் நீரும் வடக்கே வரும் காற்றும் மோதி, அலைகள் சுவராக எழும்பி, முதுகில்லாமல் சரியும். இனாம் கொடுத்த நீரோட்டத்திலிருந்து அந்தச் சமயம் விலகுவதா, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா என்பதை வழிகாட்டி மாலுமி கரையிலேயே நிச்சயித்து, அளவுகளோடு ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. குமட்டலும் தூக்கமின்மையும் சேர்ந்த நிலையில் மனிதன் செய்கிற தீர்மானம் பெரும்பாலும் தீர்மானமல்ல, சலிப்பு.

புறப்படும் நாள் காலையில் கடைசி வானிலை அறிக்கையைக் கேட்டபின், எந்தப் பாய்கள் போகும், எவை கரையில் இறங்கும் என்று முடிவாகும். இறக்கிய பைகளை நான் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் துறையெங்கும் முத்தமும் அழுகையும் சாக்லேட்டுமாக இருக்கும். சொந்தக்காரரின் வீட்டார் பிரியமாகக் கொண்டுவந்த பிளம் கேக் டின்னைத் திருப்பிக் கொடுக்கும் நிஷ்டூரமான வேலையும் என்னுடையதே.

எங்களுக்கு ஆயத்தம் முடிகிற இடம் கிரீன் முனை. சிட்னியிலிருந்து ஏறத்தாழ இருநூறு மைலில், ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கிழக்கு மூலையருகே, பாஸ் ஜலசந்தி தொடங்குமுன் இருப்பது. அந்த ஜலசந்தியின் ஆழம் சராசரி அறுபது மீட்டர்தான். மகாசமுத்திரத்து அலை அந்த மேட்டில் ஏறும்போது குறுகி உயர்கிறது. 1998-க்குப் பிறகு ஏற்பட்ட விதிப்படி, முனையைத் தாண்டுமுன் ஒவ்வொரு படகின் தலைவரும் ரேடியோவில் பந்தயக் குழுவைக் கூப்பிட்டு, படகு நல்ல நிலையில் இருக்கிறது, ரேடியோ வேலை செய்கிறது, தெப்பங்கள் இருக்கின்றன, என்ஜினும் பாட்டரியும் சரி, ஆட்கள் நலம், சமீபத்திய வானிலையை யோசித்தே முன்னே போகிறோம் என்று சொல்லவேண்டும். சொல்லமுடியாதவர் போகக் கூடாது. அதற்கு ஒரு மணி முன்னதாக நான் தரைப்பலகையைத் தூக்கி அடியில் நீர் இருக்கிறதா என்று பார்த்து, சுக்கான் பேரிங்கில் கை வைத்து, ஒவ்வொரு படுக்கையாகப் போய், படுத்திருப்பவனைச் சாப்பிட்டாயா, சிறுநீர் கழித்தாயா என்று கேட்டுவிட்டு வந்து, கண்டதைக் கண்டபடி தலைவரிடம் சொல்வேன். நான் சொன்னதைக் கேட்டு, மூன்று வருஷம் பணத்தைக் கொட்டின ஒரு கோப்பையை மறந்து, சற்று வடக்கேயுள்ள ஈடன் துறைக்குப் படகைத் திருப்பினவர்களிடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பினால் மற்றவர்கள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். படகைச் சிட்னிக்கு ஓட்டிவருவது போட் காப்டனின் வேலை. அந்த இரண்டு நாள் பெட்டி அதற்கும் ஆகும்.